ஸ்டாண்டர்ட் 2000: சென்னையில் உருவான சொகுசு காரின் வரலாறு

ஸ்டாண்டர்ட் 2000, சென்னையை அடுத்த வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் சொகுசு கார். 1985 முதல் 1988 வரை விற்பனையில் இருந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலில், 1940-களில் வடிவமைக்கப்பட்ட ஓர் எஞ்சினின் வழிவந்த எஞ்சினைப் பொருத்தி உருவாக்கப்பட்டது. ஸ்டாண்டர்ட் என்ற பெயரைத் தாங்கி வந்த கடைசி காரும் இதுவே. தோற்றத்தால் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிய இந்தக் கார் மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனது. தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் கார் தொழிலுக்கும் அதுவே முடிவாயிற்று.

நிறுவனம்

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டான 1948-இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுறவுடன் சென்னையில் இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. வான்கார்ட், எயிட், டென், பென்னன்ட் ஆகிய கார்கள் இங்கிருந்து வெளிவந்தன. 1961-இல் அறிமுகமான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்களிடையே பரவலாக அறியப்பட்டது. அதன் நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. 1972-இல் கெசல் வந்தது. 1970-களின் பிற்பகுதியில் கார் தயாரிப்பு நின்று, நிறுவனம் வேன் போன்ற வணிக வாகனங்களை நம்பியிருந்தது.

இதற்கிடையே தாய் நிறுவனம் மறைந்துவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்–டிரையம்ஃப் 1961-இல் லேலண்டின் கைக்கு மாறியது. 1963-க்குப் பிறகு ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் அங்கே கார் வரவில்லை. 1967-இல் ரோவரும் அதே குடையின்கீழ் வந்தது; 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவானது. ரோவர் கார் ஒன்று சென்னைக்கு வந்தது இந்த உறவின் வழியாகத்தான்.

ரோவர் எஸ்டி1

1976-இல் வெளியான ரோவர் எஸ்டி1-ஐ வடிவமைத்தவர் டேவிட் பாச்சே. பொறியியல் பணியை வழிநடத்தியவர் ஸ்பென் கிங். 3.5 லிட்டர் வி8 எஞ்சின், பின்பக்கம் மேலே திறக்கும் ஐந்தாவது கதவு, தாழ்ந்த நீண்ட முன்பகுதி ஆகியவற்றால் பெரும் பாராட்டைப் பெற்ற இக்கார், 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வென்றது.

ஆனால் சாலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்த கார்கள் அந்தப் பெயரைக் காப்பாற்றவில்லை. பெயிண்ட் உரிதல், கதவிடுக்கு வழியே நீர் கசிதல், மின் கோளாறு, துரு என்று புகார்கள் குவிந்தன. வேலைநிறுத்தங்களும் அவசரத் தயாரிப்பும் நிலைமையை மோசமாக்கின. 1980-களின் தொடக்கத்தில் தயாரிப்பு கௌலி ஆலைக்கு மாற்றப்பட்ட பிறகே தரம் ஓரளவு சீரடைந்தது. வரைபடத்தில் குறையில்லாத கார், ஆலைத் தளத்தில் குறைப்பட்டுப் போயிற்று.

சென்னையில் பெற்ற மாற்றம்

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்ததும் இந்தியக் கார் சந்தை விழித்துக்கொண்டது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் காண்டெசாவையும், பிரீமியர் நிறுவனம் 118 என்இ-யையும் கொண்டுவந்தன. அந்தச் சூழலில் 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 அறிமுகமானது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நிறைந்திருந்த சாலையில் அதன் உருவம் வேற்றுலகப் பொருளாகத் தெரிந்தது.

உள்ளே இருந்த எஞ்சின் வேறு கதை சொன்னது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், நிறுவனம் தனக்குப் பழகிய பழைய எஞ்சினையே பயன்படுத்தியது. 1991 சிசி கொள்ளளவும் 83 குதிரைத்திறனும் கொண்ட அது, 1947-இல் வெளியான வான்கார்ட் எஞ்சினின் வழிவந்தது. அதே எஞ்சின் குடும்பம்தான் ஒருகாலத்தில் ஃபெர்குசன் டிராக்டரையும் ஓட்டியது. ரோவரின் வி8 ஏறத்தாழ 155 குதிரைத்திறன் தந்தது. அதில் பாதியளவே சற்று மிஞ்சும் சக்தியுடன், அதே பெரிய உடலைச் சென்னை எஞ்சின் இழுக்க வேண்டியிருந்தது. மேடுபள்ளமான சாலைகளுக்காக சஸ்பென்ஷனும் உயர்த்தப்பட்டது.

போட்டி நிறுவனங்களும் பழைய வெளிநாட்டு உடல்களைத்தான் வாங்கியிருந்தன. ஆயினும் 118 என்இ-க்கு நிசான் எஞ்சினும், பின்னாளில் காண்டெசாவுக்கு இசுசு எஞ்சினும் துணை நின்றன. ஸ்டாண்டர்ட் 2000-க்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

சத்தமும் துருவும்

சொகுசு காரின் குறைகள் பெரும்பாலும் எஞ்சின் பழுதாக வெளிப்படுவதில்லை. கதவுக்குள்ளிருந்து வரும் கடகடப்பு, டேஷ்போர்டின் கிறீச்சொலி, ரப்பர் பீடிங்கின் தளர்ச்சி ஆகியவையே வாங்கியவரை முதலில் வருத்துகின்றன. இரண்டு பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சிறிதளவு மாறினாலும் அதிர்வில் அவை மோதிக்கொள்ளும். வெயிலில் பிளாஸ்டிக் ஒரு விதமாகவும் இரும்பு வேறு விதமாகவும் விரிவதால், ஆலையில் சரியாக இருந்த பொருத்தமும் சாலையில் தளரும். புதிய சொகுசு கார்களில் எஞ்சின் ஓசை அடங்கிவிட்டதால், முன்பு அதில் மறைந்துபோன சிறு சத்தங்கள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. தட்டையான பக்கச்சுவர் கொண்ட டயர்கள் அதிர்வைக் குறைக்காமல் உள்ளே கடத்துகின்றன.

துருவும் இடைவெளிகளில்தான் தொடங்குகிறது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையான இவ்வூரின் உப்பளப் பாத்திகளைக் கடந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். தகடுகள் சேரும் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, வீல் வளைவு ஆகிய இடங்களில் அது படிந்து, பெயிண்டுக்கு அடியில் இரும்பை அரிக்கும். வெல்டிங் வலுவிழந்தால் அங்கே புதிய சத்தம் பிறக்கும். பாகங்களின் துரு எதிர்ப்பை அறிய, ஆய்வுக்கூடங்களில் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைப் பனிபோலத் தெளித்துச் சோதிப்பார்கள். மரக்காணம் போன்ற ஊர்களில் நிற்கும் காருக்கு அதற்கு ஒப்பான சோதனை ஆண்டு முழுவதும் நடக்கிறது. துத்தநாகம் பூசிய தகடும், மின்னோட்டத்தால் படிய வைக்கப்படும் பிரைமரும் பிற்காலக் கார்களில் பரவலானதற்கு இத்தகைய அரிப்பே காரணம்.

முடிவு

ஸ்டாண்டர்ட் 2000-இன் விலைக்கேற்ற வேகம் அதனிடம் இல்லை. பெட்ரோல் செலவும் கூடுதல். நிறுவனம் சொன்ன எரிபொருள் சிக்கனக் கணக்கு அரசுத் தரப்பில் கேள்விக்குள்ளானது. 1988-இல் தயாரிப்பு நின்றது. பின்னர், தேங்கிக் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை பிரிட்டனைச் சேர்ந்த ஒரு வணிக நிறுவனம் வாங்கிச் சென்றது. இங்கே கைவிடப்பட்ட பாகங்கள் அங்கே பழைய ரோவர் கார்களைப் பராமரிப்பவர்களுக்குப் பயன்பட்டன. ஆலை இருந்த இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே, மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் பிஎம்டபிள்யூ தன் ஆலையைத் திறந்தது. சென்னைத் தொழிலாளர்கள் மீண்டும் சொகுசு கார்களைப் பூட்டத் தொடங்கினர். இம்முறை உடலும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று ஏற்றபடி வடிவமைக்கப்பட்டிருந்தன. ஸ்டாண்டர்ட் 2000-ஐ வீழ்த்தியது தொழிலாளர் திறமைக் குறைவு அல்ல. 1970-களின் உடலுக்குள் 1940-களின் எஞ்சினை வைத்தபோதே அதன் பொருத்தம் தவறிவிட்டது.