ஏரை விட்டுச் சுரங்கம் புகுந்தோர்

கோலார் என்றதும் தங்கம் என்று எழுதுகின்றனர் நம் மாணவர். நாமும் அவ்வளவே கற்பித்தோம். அத்தங்கத்தை வெட்டியெடுத்தவர் யார், எவ்வூரார், எதற்காக வந்தனர் என்பது பற்றி நாம் நடத்திய பாடத்தில் ஒரு வரியும் இல்லை.

1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் கோலார்ச் சுரங்கப் பணியில் இறங்கினர். இடம் மைசூர் அரசின் எல்லை. ஆனால் நிலத்தடியில் பாறை பிளந்தோருள் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காட்டிலும் அதை அடுத்த மாவட்டங்களிலும் காணி நிலமின்றி, பிறர் கழனியில் உழன்ற தாழ்த்தப்பட்ட மக்களே அவருள் மிகுதி.

ஏன் போயினர்? கூலி கூடுதல், போயினர் என்பர் கணக்குப் பார்ப்போர். உண்மைதான்; பாதி உண்மை! 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையோ 1864 முதலே வட ஆர்க்காட்டின் ஊடே ஓடிற்று. பசி தள்ளிற்று, வண்டி ஏற்றிச் சென்றது.

மறுபாதியைக் காணப் படியாளின் குடிசைக்குச் செல்ல வேண்டும், தோழர்களே! கலியாணத்துக்கு வாங்கிய சிறு கடன். அதற்கு ஈடு அவன் உடல். அவன் மாண்டால் மகன் உடல். கூலியோ படியால் அளந்து கொட்டும் தானியம். அதை உண்ணலாம், அதைக் கொடுத்து ஆண்டையின் பிடியிலிருந்து மீள முடியுமா? சுரங்கம் காசு கொடுத்தது. காசு கொண்டவன் கடனை அடைக்கலாம், மகனைப் பள்ளிக்கு அனுப்பலாம், செருப்பணிந்து தெருவில் நடக்கலாம். ஊரில் எழுத்தே மறுக்கப்பட்டோர், மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை கண்டனர். 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்தபின், 1920களில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. இவற்றையெல்லாம் எந்தக் கூலிப் பட்டியலில் குறிப்பது?

பொன்னுலகம் என்று மயங்கவும் வேண்டா. ஆண்டை போய் மேஸ்திரி வந்தார். முன்பணம் தந்து பிடித்து வைத்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கே வெப்பம், திடீரெனச் சிதறும் பாறை, நுரையீரலை அரிக்கும் கல்தூசி. ஆனாலும் ஒரு வேற்றுமை உண்டு. 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, அவர்கள் மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். கடன் சீட்டில் கட்டைவிரல் ஒற்றிய பாட்டனை அவர்கள் மறந்திருப்பரோ?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் வழிவந்தோர் பலர் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர்.