தள்ளுபடி

'தள்ளு' என்னும் வினையோடு, 'வரும்படி' என்பதிற்போலப் 'படி' சேர்ந்தமைந்த இச்சொல் கணக்கிலும் வாணிகத்திலும் நீதிமன்றத்திலும் வழங்குகிறது; கடன் தள்ளுபடியில் மகிழ்பவரே வழக்குத் தள்ளுபடியில் வாடுவார்.

நீதிமன்ற வழக்கில் இதனை நிராகரிப்பினின்று பிரித்தறிதல் வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 11இன்படி, வழக்குமூலம், அதாவது வழக்கிடும் உரிமையைத் தோற்றுவிக்கும் நிகழ்வுகளின் தொகுதி, கூறப்படாத வழக்குரை நிராகரிக்கப்படும். பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையுள்ள கரையில் ஓர் உப்பளத்துக்கு உரிமை கோருபவர், எல்லைகளையும் புல எண்ணையும் பிழையின்றிக் குறித்தும், அவ்வுரிமை எப்போது, எவரால் மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது விட்டால் இந்நிலை நேரலாம். எனினும் விதி 13 புதிய வழக்குரைக்கு இடந்தருகிறது. தகுதி ஆராய்ந்து செய்யப்படும் தள்ளுபடியோ அக்கோரிக்கையையே முடித்துவிடுவது.

வஞ்சக நோக்கம் வழக்குரைக் குறையினும் கொடிது. தமிழகத்தில் எழுந்த செங்கல்வராய நாயுடு வழக்கில், வாதி தாம் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை, அதாவது சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தை, மறைத்துப் பாகப்பிரிவினைத் தீர்ப்பாணை பெற்றதை மோசடியெனக் கொண்ட உச்ச நீதிமன்றம், பொய்யின்மேல் வழக்கிடுபவரை எக்கட்டத்திலும் வெளியேற்றலாம் என 1993இல் உரைத்தது.