மாநிறமும் மீட்டர் முள்ளும்

ஒளிமானிக்கு உலகத்தில் ஒரே ஒரு நிறம்தான் தெரியும். அது சாம்பல். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல். வெள்ளைச் சுவரைக் காட்டினால், பளிச்சென்று விளக்குப் போட்ட சாம்பல் சுவர் என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். எருமையைக் காட்டினால், இருட்டில் நிற்கும் சாம்பல் எருமை என்று எண்ணிக் கூட்டச் சொல்லும். இரண்டு படத்திலும் சாம்பல்தான் மிஞ்சும். எதிரே நிற்பது என்ன என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது மீட்டரைப் பிடித்திருப்பவர்தான்.

இந்த மீட்டர் வருவதற்கு முன்பே பெண்கள் ஒளியை அளந்தார்கள், கண்ணால். ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் அங்கேயே இறந்தார். டென்னிசனையும் டார்வினையும் எடுத்த அதே ஈரத் தகட்டு முறையில்தான் களுத்துறைக் குடியானவர்களையும் எடுத்தார். அந்தத் தகடுகள் நீலத்தை மட்டுமே நன்றாக உணரும், சிவப்புக்குக் குருடு. நம் தோல் நீலத்தைவிடச் சிவப்பையே அதிகம் திருப்பி அனுப்புவது. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைவிடவும் இருண்டுதான் முகங்கள் தகட்டில் பதிந்தன. காலனியக் காலப் படங்களில் நம் பாட்டிகளின் முகத்தில் கண்ணும் மூக்குத்தியும் மட்டும் மின்னுவதற்கு அவர்களுடைய கறுப்பு மட்டும் காரணமல்ல. வேதியியலுக்கும் அதில் பங்கு உண்டு. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் பிலிம் பரவலாகக் கைக்கு வர 1920கள், 30கள் ஆயின.

செலினியம் மீட்டர் வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அமெரிக்காவில் வெஸ்டன் நிறுவனம் 1932இல் கையடக்க ஒளிமின் மீட்டரை விற்பனைக்கு விட்டது. செலினியத்தில் ஒளி பட்டால் சிறு மின்னோட்டம் பிறக்கும், அது முள்ளை நகர்த்தும். பேட்டரி வேண்டாம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இலிருந்து செய்யப்பட்டுவந்த ரோலைஃபிளெக்ஸ் கேமராவின் நெற்றியிலேயே 1950களின் நடுவில் இந்த மீட்டரைப் பொருத்தினார்கள். இன்று பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். வயதான செலினியம் சோர்ந்துபோகும். முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும்.

ரோலைஃபிளெக்ஸும் அதன் ஜப்பானிய உறவான யாஷிகாவும் இரட்டை வில்லைக் கேமராக்கள். மேல் வில்லை பார்க்க, கீழ் வில்லை படமெடுக்க. 120 பிலிமில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் 12 படங்கள். வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். தலை குனிந்து நிற்பதைப் பெண்ணுக்கு லட்சணமாகச் சொன்னவர்கள், அப்படிக் குனிந்தபடியே ஒருத்தி ஊரையே பார்க்கக்கூடும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

ஹோமாய் வியாரவாலா அப்படிப் பார்த்தவர். 1913இல் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு ஸ்பீட் கிராஃபிக்கையும் ரோலைஃபிளெக்ஸையும் சுமந்து தில்லியில் திரிந்தார். 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் வெளிவந்தன. வெளிச்சத்தை மதிப்பிட்டது அவர் கண், கையொப்பம் வேறொருவருடையது. பிறகு தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ‘டால்டா 13’. 1970இல் கேமராவைக் கீழே வைத்தார். பத்மவிபூஷண் வந்தது 2011இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு.

முள்ளுக்குத் திரும்புகிறேன். 1940ஐ ஒட்டி ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, கறுப்பிலிருந்து வெள்ளைவரை படத்தின் சாயல்களைப் படிகளாகப் பிரித்தது. ஐந்தாம் மண்டலம் நடுச்சாம்பல். வெயிலில் நிற்கும் வெள்ளையரின் தோலை ஆடம்ஸ் ஆறாம் மண்டலத்தில் வைத்தார். அதாவது, வெள்ளை முகத்தில் மீட்டரைக் காட்டினால் அது சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு ஸ்டாப் திறந்துவிட வேண்டும். கருந்தோலை அவர் வைத்தது ஐந்தாம் மண்டலத்தில். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் மாநிற முகத்தருகே மீட்டரைக் கொண்டுபோனால் திருத்தம் தேவையே இல்லை. கருவியின் நடுப்புள்ளியில் நாம்தான் இருக்கிறோம். இன்னும் கறுத்த முகத்துக்கு ஒரு ஸ்டாப் குறைத்தால் சரியாகிவிடும்.

அப்படியானால் நம் படங்கள் ஏன் கெட்டன? முகத்தை அளக்காததால். கல்யாணக் கூட்டத்தில் வெள்ளை வேட்டிகளையும் சுண்ணாம்புச் சுவரையும் சேர்த்து அளந்தால் முள் குறைக்கத்தான் சொல்லும். முகம் இருட்டுக்குள் இறங்கும். பிறகு அச்சு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதில் நின்ற ஊழியரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி செய்கிறவர்களும் முறையிட்டதும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று அவர் பதிவு செய்கிறார். மனிதர்களைவிட நாற்காலிக்கு மரியாதை.

இதே துறையில் எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டும். கரோலின் ஹண்டர், போலராய்டில் வேலை செய்த கறுப்பின வேதியியலாளர். 1970இல் அவரும் உடன் பணியாற்றிய கென் வில்லியம்ஸும், தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள் சுமந்தே ஆகவேண்டிய பாஸ் புத்தகங்களுக்குத் தங்கள் கம்பெனியின் கேமரா படமெடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். போராட்டம் தொடங்கினார்கள். ஹண்டரின் வேலை போனது. 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. கறுத்த முகத்தைத் தெளிவாகப் படமெடுப்பதே விடுதலை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். சிறைக்கும் தெளிவான முகம் வேண்டும்.

நம் ஊரில் ‘கலர்’ என்றால் வெளுப்பு. “பொண்ணு நல்ல கலர்.” பிலிம் கம்பெனிகூட அந்தச் சொல்லை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்தவில்லை. எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது ஒரு ஸ்டூடியோவில் முக்காலியில் உட்காரவைத்தார்கள். “தம்பி, கொஞ்சம் கலராத் தெரியிற மாதிரி எடுங்க” என்றாள் அம்மா. “அதெல்லாம் பிரிண்ட்ல பாத்துக்கலாம்மா” என்றார் அவர். பவுடருக்கு மேல் பவுடர், முகத்துக்கு நேரே இரண்டு விளக்கு. வந்த படத்தில் மூக்கின் ஓரங்கள் காணாமற்போயிருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வகுப்பில் குறுந்தொகை நடத்தும்போது ‘மாமை’க்கு விளக்கம் சொல்லவேண்டி வரும். மாந்தளிர் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவியின் அழகு அது. பிரிவில் அது போய், வெளிறிய பசலை படரும். அங்கே வெளுப்பு ஒரு நோய். பிள்ளைகள் சிரிப்பார்கள். கன்னத்தில் கிரீம் தடவியிருக்கும் பிள்ளையும் சேர்ந்து சிரிப்பாள்.

மீட்டரை இன்னொரு விதமாகவும் பிடிக்கலாம். 1940களில் டான் நார்வுட் வடிவமைத்த மீட்டரில் பாதிப் பந்து போல ஒரு வெண்குமிழ் உண்டு. அதைப் படமெடுக்கப்படுபவரின் கன்னத்தருகே, கேமராவைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். ஆள் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறார் என்று அது கேட்பதில்லை. அவர்மேல் எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பார்க்கிறது. வெள்ளையர், மாநிறத்தவர், கறுத்தவர் எல்லாருக்கும் ஒரே எண். பிலிம் பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய சீட்டிலும் இதே நியாயம்தான்: நல்ல வெயிலில் துளை எஃப் 16, பிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் நூற்றில் ஒரு வினாடி அல்லது அதையொட்டி. யார் நிற்கிறார் என்று சீட்டு கேட்காது. இரண்டும் கைவசம் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. எந்த நிறத்தவருக்கும் உள்ளங்கை வெளிறியதுதான். அதை அளந்து ஒரு ஸ்டாப் திறந்தால் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி கேன்டீன் பெண்களை என் யாஷிகாவில் எடுத்தேன். மீட்டர் குமிழை ஒவ்வொருவர் கன்னத்தருகேயும் பிடித்தேன். தாழ்வாரத்து நிழலில் எல்லாருக்கும் ஒரே எண்: எஃப் 5.6, 125இல் ஒரு வினாடி. 12 படம், 12 பேர். அச்சிட்டுக் கொடுத்தபோது, மாவாட்டும் அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு. ஆனா கொஞ்சம் கலராப் போட்டுத் தரக் கூடாதா மேடம்?” என்றார். மறுநாள் இருட்டறையில் அச்சு நேரத்தை இரண்டு வினாடி குறைத்து இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். பழையதைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்று இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.