வளையக் கயிறும் இரும்புப் பெட்டியும்

1972 ஜூன் 23. எம்.வி. நிஹோன் என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகளோடு தஞ்சோங் பகாருக்கு வந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அது. வரலாற்றில் இதை ஒரு தொடக்கமாகத்தான் எழுதுகிறோம். எனக்கு அது ஒரு முடிவாகவும் படுகிறது. என் தாத்தா அங்கே சரக்கு இறக்கியவர்.

அதுவரை ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கட்டு. அரிசி மூட்டைக்கு முடிச்சே கிடையாது. முனைகளைப் பின்னிச் சேர்த்த வளையக் கயிற்றை மூட்டைகளுக்கு அடியில் விரித்து, ஒரு பக்க வளைவை மறுபக்க வளைவுக்குள் நுழைத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். மரத்துக்கு டிம்பர் ஹிட்ச். கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இழுக்கும் கயிற்றில் ஒருமுறை வளைத்து, நுனியைத் தன்மேலேயே மூன்று முறை முறுக்கிவிட்டால் போதும். இழுவை இருக்கும்வரை அசையாது. தளர்ந்தால் கையாலேயே அவிழும். அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இதன் கணக்கைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஆராய்ந்தது. உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு முழுச் சுற்று நம் பிடியைச் சுமார் 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்கு. தேர்வில் சரியாகத்தான் எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாரக்கட்டுக் குழாய் ஒன்றைக் குளோவ் ஹிட்ச் போட்டு மேலே ஏற்றச் சொன்னேன். பாதி உயரத்தில் குழாய் நழுவி விழுந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. மண்டபத்தில் படகில் வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அண்ணன் சொன்னார்: "சார், இது நட்டு வச்ச கம்பத்துக்குத் தாங்கும். நீளவாக்குல இழுத்தா வழுக்கிரும்." இழுக்கும் பக்கம் ரெண்டு சுற்று, மறுபக்கம் ஒன்று, மேல்நுனியில் ஓர் அரைச் சுருக்கு. அடுத்த குழாய் பத்திரமாக ஏறியது. அது ரோலிங் ஹிட்ச் என்று பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் போனது. இன்று பெட்டியின் மூலையில் ஒரு பூட்டு. கால் திருப்பு திருப்பினால் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது அரிசியா, ரப்பரா என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. தாத்தாவின் கைக்குத் தெரிந்திருந்தது.

மாலுமிகளிடமும் தொழிலாளிகளிடமும் கேட்டுக்கேட்டு ஆஷ்லி தொகுத்த முடிச்சுப் புத்தகம் 1944இல் வந்தது. அதில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள். எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. தாத்தாவிடம் சம்பளம், கங்காணி, சண்டை எல்லாம் கேட்டிருக்கிறேன். எப்படிக் கட்டினீங்க என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய துறைமுகத் தொழிலாளி யாராவது இருந்தால், ஒரு கயிற்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். வாய் மறந்திருந்தாலும் கை மறந்திருக்காது.