டால்ஸ்டாய் பண்ணைக் கடலை வெண்ணெயும் எங்க வீட்டு மிக்சியும்

கோடை லீவுக்கு அக்கா மகள் சென்னையிலிருந்து எழுமலைக்கு வந்திருந்தாள். ஒன்பது வயசு. பையிலிருந்து துணிமணிக்கு முன்னாடி வெளியே வந்தது ஒரு பாட்டில். நுட்டெல்லா. காலையில தோசை ஊத்தினா அதுமேல தடவிக்கிறாள். சப்பாத்திக்கும் அதேதான். எங்க அம்மா சும்மா இருப்பாங்களா? "என்னத்தா அது, கறுப்பா மெழுகு மாதிரி?"ன்னு கேட்டு, ஒரு ஸ்பூன் வாங்கி நாக்குல வச்சாங்க. அப்புறம் இன்னொரு ஸ்பூன்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை இருக்கு. நான் பாட்டிலைப் பிடுங்கி லேபிளைப் படிச்சேன். 100 கிராமில் சர்க்கரை மட்டும் 56 கிராம் சொச்சம். கொழுப்பு 31 கிராம். அதுல பெரும்பங்கு பாமாயில். படத்துல அழகா உடைஞ்சு கிடக்கிற ஹேசல்நட் கொட்டை 13 சதவீதம், கோகோ 7.4 சதவீதம். அதாவது பாட்டில்ல பாதிக்கு மேல சர்க்கரை!

"மாமா, இதுல நட்ஸ் இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு விளம்பரத்துல சொன்னாங்களே?"ன்னு மருமகள் கேட்டாள். இதே கேள்வியை அமெரிக்காவுல ஒரு தாய் கோர்ட்டுக்கே கொண்டு போயிருக்காங்க. சத்தான காலை உணவு மாதிரி விளம்பரம் பண்ணி ஏமாத்திட்டாங்கன்னு வழக்கு. 2012-ல் கம்பெனி சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிட்டது.

சரி, வீட்டுலயே செஞ்சு பார்ப்போமேன்னு கிளம்பினேன். செய்முறை தேடப் போன இடத்துல சரித்திரம் மாட்டிக்கிச்சு. நமக்குத்தான் அந்த வியாதி ஏற்கெனவே உண்டே :-) பொறுமையா படிங்க மக்கா, செய்முறை கடைசியில இருக்கு.

இல்லாத கொடுமைக்குக் கொட்டை

இந்தப் பண்டம் பிறந்தது வட இத்தாலியில், டூரின் நகரம் இருக்கும் பீட்மாண்ட் பகுதியில். 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வியாபாரமே கூடாதுன்னு ஐரோப்பாவின் துறைமுகங்களை அடைச்சார். கடல் கடந்து வர்ற கோகோ விலை ஏறிப் போச்சு. பக்கத்து லாங்கே மலைச்சரிவுகள்ல ஹேசல்நட் ஏராளமா விளையும். அதை அரைச்சு சாக்லேட்டோடு கலந்து ஒப்பேத்தினாங்க என்பது டூரின்காரர்கள் சொல்லும் கதை. 1865-ல் காஃபரெல் கம்பெனி இந்தக் கலவையைச் சின்னச் சின்ன மிட்டாயாக்கி, ஜாந்துயா என்கிற அவங்க ஊர்த் திருவிழாக் கோமாளி பேரை வச்சு விற்றது.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் திரும்பவும் கோகோ பஞ்சம். ஆல்பா என்ற சின்ன ஊரில் மிட்டாய்க்கடை வச்சிருந்த பியத்ரோ ஃபெரேரோ 1946-ல் பழைய கலவையைப் பாளமாகச் செய்து தாளில் சுற்றி விற்றார். கத்தியால் சீவி ரொட்டி மேல வச்சுச் சாப்பிடணும். 1951-ல் அது தடவுகிற பதத்துக்கு மாறியது. 1964-ல் அவர் மகன் மிக்கேலே கையில் நுட்டெல்லா ஆனது.

நான் இதுல கவனிச்சது ஒண்ணுதான். கைக்கு எட்டாத விலையில் இருக்கும் பொருளை, பக்கத்துக் காட்டில் விளையும் கொட்டையைப் போட்டு எல்லாருக்கும் எட்டும்படி பண்ணியிருக்காங்க. முதல்ல அது ஏழைக்கான சாக்லேட். கொட்டை போய் சர்க்கரை முன்னாடி வந்து உட்கார்ந்தது பிற்பாடு.

அப்ப எழுமலையில் இதைச் செய்யணும்னா நம்ம காட்டுக் கொட்டை எது? சந்தேகமே இல்லை, நிலக்கடலை. (எங்க பக்கம் வெறும் "கடலை". தென்னாற்காட்டு நண்பர்களுக்கு மல்லாட்டை, ஈழத்து நண்பர்களுக்குக் கச்சான்.)

கொஞ்சம் கொசுவத்தி

என் சின்ன வயசுல கடலை புடுங்குற சீசன்ல அப்பத்தா கூடக் காட்டுக்குப் போவேன். செடியைப் புடுங்கிக் குவிச்சு, வட்டமா உட்கார்ந்து காயை ஆய்வாங்க. கூலி பணமா கிடையாது. ஆய்ஞ்ச காயை அளந்து அதுல ஒரு பங்கு. அப்பத்தா மடியில கட்டிக் கொண்டு வர்ற அந்தக் கூலிக் கடலைதான் எங்க தின்பண்டம். வறுத்து, உரல்ல கருப்பட்டியோடு போட்டு இடிச்சு, உருண்டை பிடிச்சுக் கொடுக்கும். கொஞ்சம் கூடுதலா இடிச்சுட்டா எண்ணெய் விட்டுப் பசை மாதிரி ஆயிடும். "கெட்டுப் போச்சு"ன்னு திட்டிக்கிட்டே அதை வழிச்சு எங்க கையில வைக்கும். உலகம் பூரா பாட்டில்ல அடைச்சு விக்கிற சரக்கைத்தான் அப்பத்தா கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கு!

கடலை நம்ம சொந்தச் சரக்கு இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, கப்பல் ஏறி நம்ம மண்ணுக்கு வந்தது. கோகோவும் அந்தக் கண்டத்துக்காரன்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1798-ல் அம்போய்னா தீவிலிருந்து கொண்டு வந்து நட்ட எட்டு கோகோ கன்றுகள் எங்கே வச்சாங்க தெரியுமா? நம்ம குற்றாலத்தில்! இன்னைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகள்ல ஊடுபயிரா கோகோ விளையுது. ஆக, கடலையும் கோகோவும் எப்பவோ தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. ரெண்டையும் ஒண்ணா அரைக்கத்தான் ஆள் இல்லை.

ஜெயிலுக்குப் போனவங்க வீட்டுச் சாப்பாடு

கடலையைத் தமிழங்க ரொட்டியில தடவித் தின்னது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. நடந்தது தென்னாப்பிரிக்காவில்.

டிரான்ஸ்வாலில் இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை எதிர்த்து காந்தி சத்தியாகிரகம் நடத்தினார். ஜெயிலுக்குப் போனவங்கள்ல தமிழர்கள் ஏராளம். தம்பி நாயுடு போன்றவங்க திரும்பத் திரும்ப உள்ளே போனாங்க. ஆம்பளைங்க ஜெயில்ல இருந்தா குடும்பம் என்ன சாப்பிடும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாசாமாசம் பணம் கொடுத்து கட்டுப்படியாகலை. அப்பதான் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளியிருந்த தன்னோட 1100 ஏக்கர் பண்ணையை 1910 மே 30 அன்று வாடகை இல்லாமல் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர்னு எல்லாரும் ஒரே அடுப்பில் சமைச்சுச் சாப்பிட்டாங்க.

அங்கே ஒரு விதி. சொந்த வேலையா நகரத்துக்குப் போகணும்னா நடந்துதான் போகணும், ரயில் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினா ஆறேழு மணி நேரத்துல ஜோஹானஸ்பர்க். நகரத்துல காசு கொடுத்து வாங்கித் தின்னக்கூடாதுன்னு கட்டுச்சோறும் இங்கிருந்தே போகும். என்ன கட்டுச்சோறு? பண்ணையிலேயே கையால் அரைத்த, தவிடு சலிக்காத கோதுமை மாவு ரொட்டி. தோட்டத்து ஆரஞ்சுத் தோலில் செய்த மார்மலேடு. அப்புறம், கடலையை வறுத்து அரைத்த வெண்ணெய்! சாதா வெண்ணெயைவிட அது நாலு மடங்கு மலிவுன்னு காந்தியே தன் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக நூல்ல கணக்குச் சொல்றார்.

கடலை வெண்ணெய் அப்ப அமெரிக்காவுல புது மோஸ்தர். 1884-ல் மான்ட்ரியால்காரர் எட்சன் கடலைப் பசைக்குக் காப்புரிமை வாங்கினார். 1890-களில் டாக்டர் கெல்லாக் தன் ஆரோக்கிய நிலையத்துல அதைப் பிரபலப்படுத்தினார். டால்ஸ்டாய் பண்ணைக்காரங்களுக்கு மோஸ்தர் ஒரு பொருட்டு இல்லை. கையில் இருக்கிற காசுக்கு ஜெயிலுக்குப் போனவன் பொண்டாட்டி பிள்ளைக்கு வயிறு நிறையணும். கடலை வெண்ணெய் ஒரு போராட்டத்துக்குச் சோறு போட்டிருக்குன்னு தெரிஞ்சப்ப, அப்பத்தா மடியில கட்டி வந்த கூலிக் கடலை ஞாபகம் வந்துச்சு.

பக்கத்து ஊர்ப் பெரியவர்

எழுமலையில் பஸ் ஏறி பேரையூர் வழியா போனா டி.கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கு. பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழிச்ச இடம். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படிச்சவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினவர். 1960 ஜனவரி 30-ல் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி.

கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம்னு அவங்க சங்கம் அன்னைக்குப் பேசினதைத்தான் இன்னைக்கு 'ஆர்கானிக்'னு மூணு மடங்கு விலைக்கு விக்கிறாங்க. ஆனா குமரப்பா பனைவெல்லத்தைச் சொன்னதுக்கு உடம்பு மட்டும் காரணமில்லை. கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணியும் வேணும், அந்த நிலத்துல தானியம் போடலாம். பனை தரிசுல தானா நிக்கும், தண்ணி கேக்காது, ஏறுறவனுக்குப் பிழைப்பு கொடுக்கும். அதுதான் அவர் கணக்கு.

இன்னொண்ணு வனஸ்பதி. 1937-ல் டால்டா வந்தது. கடலை எண்ணெய் மாதிரி எண்ணெய்ல ஹைட்ரஜனை ஏத்தி, நெய் மாதிரி உறைய வச்சு விக்கிறது. காந்தியும் குமரப்பாவும் கடுமையா எதிர்த்தாங்க. அமெரிக்காவுல 1920-களில் கடலை வெண்ணெய்க்கும் இதே வைத்தியம்தான் பண்ணினாங்க. வீட்டுல அரைச்ச பசையில எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும். கடையில வச்சா பார்க்க நல்லா இல்லைன்னு ஹைட்ரஜன் ஏத்தின கொழுப்பைக் கலந்தாங்க. அந்தக் காலத்துப் பாதி ஹைட்ரஜன் ஏத்தின கொழுப்புலதான் டிரான்ஸ் கொழுப்பு வந்தது. அது இதயத்துக்கு எவ்வளவு கெடுதல்னு ரொம்பக் காலம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதனால உங்க பசையில எண்ணெய் மிதந்தா பயப்படாதீங்க. கலக்கிட்டுத் தின்னுங்க.

செய்முறை (ஒருவழியா!)

கடலைப் பருப்பு கால் கிலோ. சாம்பாருக்குப் போடுறது இல்லீங்க, உடைச்ச நிலக்கடலை. முதல்ல ஒவ்வொண்ணாப் பொறுக்குங்க. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பிடிச்சது எல்லாத்தையும் கடாசுங்க. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்துச்சு. பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்குத்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அஃப்ளாடாக்சின் என்கிற அந்த விஷம் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாப் போகாது.

சின்னத் தீயில செவக்க வறுத்து, கையால தேய்ச்சு, சொளகுல புடைச்சுத் தோலை நீக்குங்க. சூடு ஆறும் முன்னே மிக்சியில விட்டு விட்டு அரைங்க. முதல்ல மாவாகும், அப்புறம் உருண்டு திரளும். இங்கேதான் எல்லாரும் தண்ணி ஊத்திக் கெடுக்கிறது. ஊத்தாதீங்க! ஓரத்தை வழிச்சு விட்டு இன்னும் நாலஞ்சு நிமிஷம் அரைச்சா தானே எண்ணெய் விட்டு இளகும். இளகலைன்னா ஒரு ஸ்பூன் செக்குக் கடலெண்ணெய்.

இனிப்பில்லாத கோகோ பவுடர் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டி 60 கிராம், பாகா காய்ச்சாம, வெயில்ல காயவச்சுப் பொடிச்சுச் சலிச்சது. ஈரம் பட்டா பசை இறுகிடும், சீக்கிரம் கெடும். எல்லாம் சேர்த்து ஒரு சுத்து. கண்ணாடி பாட்டில்ல ரெண்டு மூணு வாரம் தாங்கும்.

இப்படிச் செஞ்சா 100 கிராமுக்குச் சர்க்கரை ஏறக்குறைய 20 கிராம். அவங்க பாட்டில்ல பாதிக்கும் கம்மி. கலோரி கிட்டத்தட்ட அதேதான், அதுல ஏமாத்த மாட்டேன். அளவோட தின்னணும்.

மருமகள் முதல்ல மூஞ்சியைச் சுளிச்சாள். "கடலைமிட்டாய் மாதிரி இருக்கு மாமா"ன்னாள். மூணாம் நாள் பழைய பாட்டிலைத் தேடலை. (தோசைக்குச் சட்னிதான்னு அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க.)

அம்மாதான் அடுப்படியில வந்து நின்னு மெதுவா கேட்டாங்க: "கருப்பட்டிதானப்பா போட்டிருக்க? அப்ப நான் திங்கலாம்ல?"

திங்கலாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. இவ்வளவு நேரம் குமரப்பா, பனைன்னு அளந்துட்டு, கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான்னு எப்படிச் சொல்ல? இரும்புச்சத்து, தாது உப்பு கொஞ்சம் இருக்கும், ஆனா ரத்தத்துல ஏறுறது ஏறத்தான் செய்யும். "கருப்பட்டிதானே"ன்னு நம்பித் தின்னு சர்க்கரையை ஏத்திக்கிட்டவங்க எங்க தெருவுலயே உண்டு. 'சத்தானது'ன்னு சொல்லி பாட்டில் விக்கிறவன் பண்றதை நான் என் அம்மாகிட்டப் பண்ணக்கூடாது.

"வேண்டாம்மா"ன்னேன். மூஞ்சி விழுந்துடுச்சு.

மறுநாள் கருப்பட்டி போடுறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் எடுத்து வச்சேன். கடலை, துளி கோகோ, உப்பு. அவ்வளவுதான். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வாயில வச்சிருந்தாங்க.

"கசக்குதுடா"ன்னாங்க. அப்புறம், "ஆனா உங்க அப்பத்தா இடிச்ச வாசம் இருக்கு. அங்கிட்டு வை, நாளைக்கும் ஒரு ஸ்பூன் திங்கிறேன்."

உங்க வீட்டுல கடலையை வேற எப்படி அரைப்பீங்க? ஈழத்து மக்கள் கச்சான்ல என்னென்ன செய்வீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க, அடுத்த கால் கிலோ வறுத்து வச்சிருக்கேன்.

டிஸ்கி: கடலை சில குழந்தைகளுக்கு ஒத்துக்காது, அரிப்பு, மூச்சிரைப்புன்னு ஆபத்தாகவும் முடியலாம். அப்படிப்பட்ட வீட்டுல இந்தப் பதிவைப் படிச்சதோட நிறுத்திக்குங்க. சர்க்கரை உள்ளவங்க என் பேச்சைக் கேக்காம உங்க டாக்டர் பேச்சைக் கேளுங்க.