சக்கரங்களைக் கழற்றிய பின்: பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள்

ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் விசித்திரமான வண்டி ஒன்றைப் பார்த்தேன். உடலைப் பார்த்தால் மோட்டார் சைக்கிள். முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகை. பின்சக்கரத்தின் இடத்தில், ராணுவ டாங்கியிலிருந்து வெட்டி எடுத்து வந்தது போல நீளமான ரப்பர் பட்டை. யாரோ விளையாட்டாக ஒட்டவைத்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த மூன்று குளிர்காலங்களில், வண்டிக்காரருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளாக நின்றபோதுதான் அது எவ்வளவு யோசித்துச் செய்த வேலை என்று புரிந்தது.

எங்கள் மென்பொருள் துறையில், ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய நிரலை வேறொன்றுக்கு மாற்றும் வேலை அடிக்கடி வரும். அதில் நம்மைப் படுத்துவது எழுதியிருப்பது அல்ல. எழுதியவர் சொல்லாமலே நம்பிக்கொண்ட அனுமானங்கள். மண்ணுக்காகச் செய்த டர்ட் பைக்கைப் பனிக்கு மாற்றுவதும் அப்படித்தான். தரை கெட்டியாக இருக்கும், காற்று சூடாக இருக்கும், தூசிதான் எதிரி என்பவை அதன் அனுமானங்கள். பனியில் இவை ஒவ்வொன்றாகப் பொய்த்துப் போகும்.

முன்கதை

சக்கரத்தைக் கழற்றிப் பட்டை மாட்டும் எண்ணம் புதிதல்ல. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையில் வேலை பார்த்த அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், அரண்மனைக் கார்களின் பின்பக்கம் ரப்பர் பட்டையும் முன்பக்கம் சறுக்குப் பலகையும் பொருத்தினார். புரட்சிக்குப் பிறகு லெனின் பயன்படுத்திய இவ்வகை ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோசப்-அர்மாண்ட் பம்பார்டியே என்ற மெக்கானிக், பனியில் ஓடும் வண்டி செய்ய வருடக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்று நோய் முற்றியது. பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்தது. பட்டையைப் பல்சக்கரத்தால் இயக்கும் முறைக்கு அவர் 1937ல் காப்புரிமை பெற்றார். 1959ல் வந்த 'ஸ்கி-டூ' என்ற சிறிய பனிவண்டி அவருடையதே. இன்று விளையாட்டாகத் தெரியும் இந்த இயந்திரக் குடும்பத்தின் தொடக்கத்தில் ஒரு தந்தையின் துக்கம் இருக்கிறது.

1970களின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் 'ஸ்னோ-ரன்னர்' என்ற சிறிய இரண்டுங்கெட்டான் வண்டியை விற்றுப் பார்த்தது, நிலைக்கவில்லை. மோட்டார் சைக்கிளையே மாற்றிக்கொள்ளும் உபகரணத் தொகுதியைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு, ஐடஹோவின் சாண்ட்பாயின்ட் ஊரில் இயங்கிய 'டிம்பர்ஸ்லெட்' நிறுவனத்துக்கு உண்டு. அதைப் பனிவண்டி நிறுவனமான போலாரிஸ் 2015ல் வாங்கியது. 2017ல் ஆஸ்பெனில் நடந்த குளிர்கால எக்ஸ் கேம்ஸில் பனி பைக் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. கனடாவின் பிராக் ஹோயர் தங்கம் வென்றார்.

பாரத்தைப் பரப்புதல்

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் எளிதில் விளங்கும். டர்ட் பைக் டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ. தரையை அது அழுத்துவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புதுப்பனியில் இந்த அழுத்தம் விழுந்தால் சக்கரம் அச்சு வரை புதையும். மாற்றிய வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து சுமார் 250 கிலோ. பட்டையின் சுற்றளவு 120 அங்குலம் என்றால், பனியில் படுவது 125 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்பலகையை விட்டுவிட்டாலும் அழுத்தம் 0.07 கிலோ. அதாவது டயரில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. நடக்கும் மனிதனின் ஒற்றைக் கால் 0.4 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. ஆகவே வண்டி மிதக்கும் பனியில் நாம் இறங்கினால் இடுப்பளவு புதைவோம். இதை நான் காசு கொடுக்காமல் கற்றுக்கொண்டேன்.

கழற்றுவதும் பூட்டுவதும்

முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் அடியில் ஒரு தாங்கி பூட்டி, அதில் சறுக்குப் பலகையை மாட்டுகிறார்கள். பின்புறம் சக்கரம், ஸ்விங் ஆர்ம், ஷாக் அப்சார்பர் மூன்றும் வெளியே வந்துவிடும். ஸ்விங் ஆர்ம் பூட்டியிருந்த அதே துளையில் புதிய அமைப்பின் சட்டம் உட்காரும். ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தில் ஒரு தண்டு வந்து சட்டத்தைத் தாங்கும். பட்டை அமைப்புக்குள் தனியாக ஷாக் அப்சார்பர்கள் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் செயின் ஓர் இடைத்தண்டைச் சுற்றும். அங்கிருந்து இன்னொரு செயின் பட்டையைச் சுற்றும் தண்டுக்குப் போகும். பின் பிரேக்கும் இந்த அமைப்பில் உள்ள தட்டுக்கு மாறிவிடும்.

பட்டை உள்ளே இரண்டு தண்டவாளங்கள் மீது வழுக்கி ஓடுகிறது. தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டிகள். இவற்றுக்கு எண்ணெயோ கிரீஸோ கிடையாது. மேலே தெறிக்கும் பனியே மசகு, பனியே குளிர்விப்பான். இறுகிய பனிக்கட்டிப் பாதையில் தெறிப்பதற்குப் பனி இல்லாவிட்டால் பட்டிகள் சூடேறி உருகும். அதற்காகத் தரையைக் கீறிப் பனித்தூள் எழுப்பும் கம்பிகளைத் தொங்கவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் பொருத்து உறுப்புகள் வேறு. செலவு சில ஆயிரம் டாலர்கள். வசந்தம் வந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

குளிரும் எஞ்சின்

வெயிலில் மண்மேட்டில் ஏறும் எஞ்சினுக்குச் சூடுதான் பகை. அதனால் இரண்டு பெரிய ரேடியேட்டர்கள். பனியில் அதே ரேடியேட்டர்கள் எஞ்சினைச் சூடேறவே விடுவதில்லை. பல பந்தய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டும் கிடையாது.

முதல் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு எண்ணெய் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார். எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது! வடித்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது. தெர்மோஸ்டாட் பொருத்தி, ரேடியேட்டர்களுக்கு மூடி போட்டு, எண்ணெயை அடிக்கடி மாற்றத் தொடங்கியதும் பிரச்சினை அடங்கியது.

காற்றின் கணக்கும் மாறுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருப்பதைவிட மைனஸ் 15 டிகிரியில் காற்று சுமார் 17 சதவீதம் அடர்த்தி. பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. அப்போது குறைய வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் வண்டிகள் உணரிகளின் உதவியால் பெரும்பாலும் தாமே சமாளிக்கின்றன. தூசிக்காகச் செய்த காற்று வடிகட்டியில் பனித்தூள் அடைத்து உறைந்துவிடும் என்பதால், அதற்குப் பதில் பனியை உதிர்க்கும் வலை போடுகிறார்கள்.

ஓட்டும் விதம்

மலைப்பனிக்கான இன்றைய பெரிய பனிவண்டிகள் 850 சிசி எஞ்சினும் 160 குதிரைத்திறன் அளவும் கொண்டவை. 450 சிசி டர்ட் பைக்கில் 50 அளவுதான். அதிலும் ஒரு பகுதியைப் பட்டையே விழுங்கிவிடும். ஆனால் எடை குறைவு. ஒற்றைப் பலகை என்பதால் சைக்கிள் போலச் சாய்த்தே திருப்பலாம். சரிவில் குறுக்காகப் போவதும் நெருங்கிய மரங்களுக்கிடையே நுழைவதும் எளிது. மோட்டார் சைக்கிள் தெரிந்தவருக்கு ஒரே நாளில் கை வந்துவிடும். குறை ஒன்று உண்டு: ரிவர்ஸ் கியர் இல்லை. ஏற்றத்தில் நின்றுவிட்டால் இறங்கி, புதைந்து, பின்பக்கத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.

கடைசி அனுமானம்

இந்த எளிமையில்தான் ஆபத்து இருக்கிறது. முன்பெல்லாம் செங்குத்தான மலைச்சரிவுக்குப் போக வருடக்கணக்கான பழக்கம் வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தோடு பனியைப் பற்றிய அறிவும் சேர்ந்து வந்தது. மாற்றிய வண்டி ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்; அறிவு பின்னால் நடந்து வரும். வண்டியின் அனுமானங்களை எல்லாம் திருத்தியாயிற்று. ஓட்டுபவரின் அனுமானம் ஒன்று பாக்கி: காலுக்கடியில் உள்ள தரை அசையாது என்பது.

30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் பனிச்சரிவு அபாயம் அதிகம். பலவீனமான அடுக்கின் மேல் கெட்டியான பனிப்பாளம் படிந்திருந்தால், ஒரு வண்டியின் பாரம் போதும். பாளம் முழுவதும் கழன்று ஓடும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் வேகமாகச் சரியும். எனவே ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருந்தாக வேண்டும். சூடாகும் கைப்பிடி, செல்பேசி போன்றவை அந்தச் சமிக்ஞையைக் குழப்பக்கூடும். தள்ளி வைப்பது நல்லது.

பயிற்சியின்போது கருவி வைத்த பை ஒன்றைப் புதைத்து என்னைத் தேடச் சொன்னார்கள். 22 நிமிடங்கள் ஆயின. பையாக இருந்ததால் பிழைத்தது.

போன குளிர்காலத்தில் மெக்கால் ஊருக்கு மேலே ஒரு காலை. அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். எஞ்சின் சரியான சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே தடம் படாத வெள்ளைச் சரிவு. அதன் அடிவாரத்தை நெருங்கும்போது, காலடியில் மூட்டையைப் போட்டது போல 'தொம்' என்று ஒரு சத்தம். உள்ளே ஓர் அடுக்கு இடிந்து அமர்ந்த சத்தம் அது. அவர் ஒன்றும் பேசவில்லை, எஞ்சினை அணைத்தார். இருவரும் இறங்கி, இடுப்பளவு பனியில் நின்று, ரிவர்ஸ் இல்லாத அந்த இரண்டு வண்டிகளையும் கையால் தூக்கித் திருப்பினோம்.