கத்தி, திருஷ்டி பொம்மை, தவளைச் சத்தம்

இந்த எபிசோடை எங்க ஊர் அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்தே ஆரம்பிக்கறேன். 2007 மழைக்காலத்துல நானும் நாலு நண்பர்களும் இங்கே ஒரு படம் எடுத்தோம். ஒன்பது நிமிஷம். முகமூடி போட்ட ஒருத்தன், கையில கத்தி, வரிசையா மூணு கொலை. கதைன்னு கேட்டீங்கன்னா அவ்வளவுதான்.

உலகம் முழுக்க காசில்லாத பசங்க முதல் படமா இந்த ஸ்லாஷர் வகையைத்தான் தேடிப் போறாங்க. காரணம் ரொம்ப சாதாரணம். காதல் படம்னா நடிக்கத் தெரிஞ்சவங்க வேணும். சண்டைப் படம்னா அடி வாங்க ஆள் வேணும். இதுக்கு இருட்டு போதும், இருட்டு இலவசம். கொலைகாரனுக்கு முகபாவம்கூட வேண்டாம், முகமூடி பார்த்துக்கும்.

இதுக்கு வழிகாட்டின படம் 1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த ஹாலோவீன். செலவு சுமார் மூணு லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்குல டீச்செலவு. அதுல வர்ற பயங்கரமான வெள்ளை முகம், ரெண்டு டாலருக்கும் கம்மியா வாங்கின ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க் முகமூடி. வெள்ளை பெயின்ட் அடிச்சு, கண் ஓட்டையைப் பெரிசாக்கினாங்க. எங்களுக்கு அந்த ரெண்டு டாலரும் இல்லை. ஆனா அப்போ அயனம்பாக்கத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு கட்டிட்டு இருந்தாங்க. கட்டற வீடு ஒவ்வொண்ணுலயும் கோரைப்பல், உருட்டு முழியோட ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும். ராத்திரி ஒண்ணைக் கழட்டிட்டு வந்து, விடியறதுக்குள்ள திருப்பி மாட்டிட்டோம். ரத்தத்துக்கு ரோஸ் மில்க் எசென்ஸ். செத்துக் கிடந்தவன் எறும்பு கடிச்சு எழுந்து ஓடினதுல ஒரு டேக் போச்சு.

ஹாலோவீன் முதல்ல திரைக்கு வந்த அதே 1978 அக்டோபர் கடைசி வாரத்துலதான் இங்கே பாரதிராஜாவோட சிகப்பு ரோஜாக்கள் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எடுத்தது இல்லை. அடுத்து 1980-ல் பாலு மகேந்திராவின் மூடுபனி, 1984-ல் மணிவண்ணனின் நூறாவது நாள். நாங்க தேய்ஞ்ச சிடியில திரும்பத் திரும்பப் பார்த்து, ஷாட் ஷாட்டா எழுதி வெச்சு காப்பி அடிச்சது இந்த மூணையும்தான். கேமரா கோணத்தை எழுதினோம், கத்தி பிடிக்கிற விதத்தை எழுதினோம். மூணுக்கும் இசை இளையராஜாங்கறதை மட்டும் எவனும் எழுதலை.

கார்பென்டருக்கே அந்தப் பாடம் கசப்பாத்தான் கிடைச்சுது. இசையும் எஃபெக்ட்ஸும் சேர்க்காம ஹாலோவீனை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அவங்களுக்குப் பயமே வரலை. அப்புறம் அவரே பியானோவுல அஞ்சு தட்டு கணக்கில ஒரு மெட்டுப் போட்டார். சின்ன வயசுல அப்பா பாங்கோஸ்ல சொல்லிக்கொடுத்த தாளம் அது. படம் அதே படம்தான், ஆனா இப்போ பயந்தாங்க.

வீடியோ கேமரா வந்தப்புறம் அமெரிக்காவுல இந்த மாதிரிப் படங்கள் நிறைய வந்துச்சு. 1983-ல் வந்த ஸ்லெட்ஜ்ஹாமர் பாருங்க. முழுநீளப் படத்துக்கு நிமிஷம் பத்தலைன்னு, ஆள் நடந்து வர்றதைக்கூட ஸ்லோமோஷன்ல இழுத்திருப்பாங்க. நான் சிரிச்சுட்டேதான் பார்த்தேன். ஆனா அந்த வீட்டுச் சுவரும் மங்கின வெளிச்சமும், யாரோ நிஜமா குடியிருக்கற இடம் மாதிரி மனசுல ஒட்டிக்கிச்சு. பெரிய பட்ஜெட் செட்டுல இது வராது. இந்தப் படங்களை இன்னைக்கும் தேடிப் பார்க்கறவங்க இருக்காங்கன்னா, அதுக்காகத்தான்னு நினைக்கறேன்.

குறைன்னா, சாகறவங்க யாருன்னே தெரியாது. எங்க படத்துல சாகறதுக்கு ஒரு பொண்ணு வேணும்னு எல்லாருமா முடிவு பண்ணினோம். ஏன் பொண்ணுன்னு ஒருத்தனும் கேட்கலை. சிகப்பு ரோஜாக்கள்ல கொலைகாரனுக்குப் பெண்கள் மேல இருக்கற வெறுப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு பிளாஷ்பேக் இருக்கு. அந்தக் காரணத்தை ஏத்துக்கறோமோ இல்லையோ, ஒரு காரணம் இருக்கு. நாங்க கத்தியை மட்டும் எடுத்துக்கிட்டோம். நடிக்க எந்தப் பொண்ணும் வரலை. அக்காவோட சுடிதாரைப் போட்டுக்கிட்டு லாங் ஷாட்ல செத்தது நான்தான்.

2009-ல் கலைஞர் டிவியில நாளைய இயக்குநர் வந்தப்போ நடுவர் நாற்காலியில பிரதாப் போத்தன். மூடுபனியில கொலைகாரனா நடிச்சவர் குறும்பட மார்க் போடறாரேன்னு எங்களுக்கு ஒரே குஷி. அந்த மேடையிலிருந்து போன கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் பீட்சா எடுத்தார். எங்க படத்தை நாங்க அனுப்பவே இல்லை.

எடிட்டிங் பண்ணிக்கொடுத்தது ஒரு கல்யாண வீடியோக்காரர். ரெண்டாவது கொலை முடிஞ்சு மூணாவது கொலைக்குப் போறப்போ திரை ஹார்ட் வடிவத்துல சுருங்கும். அது போகட்டும். ஏரியோரத்துல ஒரு ஷாட் எடுத்தோம். கேமரா மைக்ல தவளைச் சத்தம் காதை அடைக்குது. முகமூடிக்காரன் தண்ணியில கால் வெச்சதும் மொத்தத் தவளையும் ஒரே நேரத்துல நிறுத்துச்சு. ஹெட்போன்ல கேட்டுட்டிருந்தவன் கையிலிருந்த டீயைக் கொட்டிட்டான். படம் முழுக்க நாங்க பயந்த ஒரே இடம் அதுதான். ஆனா எடிட்ல அது "நாய்ஸ்" ஆயிடுச்சு. மேல நெட்டுல இறக்கின ஒரு பேய் மியூசிக்கைப் போட்டு மூடிட்டோம்.

போன வருஷம் அந்த ஒலிக்காக டேப்பைத் தேடிப் போனேன். அவர் சிரிச்சுட்டே சொன்னார்: "தம்பி, அடுத்த முகூர்த்தத்துக்கே அது மேல ஒரு கல்யாணத்தை ஏத்திட்டேனே."